பூரணமக்கா வராத நாட்கள்

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து படலையைத் திறந்தபோது எங்கள் வீட்டுக் கதிரைகள் எல்லாம் முற்றத்தில் தலைகீழாகக் கிடந்தன.

கதிரைகள் மட்டுமல்ல. சாப்பாட்டு மேசை, வாங்கு, அலுமாரியிலிருந்து கழற்றிய லாச்சிகள், தலையணைகள், பாய்கள், சுவரில் தொங்கிய சாமிப் படங்கள் எல்லாமே வெளியில் இருந்தன. சாமான்களை ஏற்றிக்கொண்டு எழும்பிப் போகும் குடும்பங்களை எங்கள் புத்தூர் வீதியில் அடிக்கடி காணும் காலம் அது. எங்களுக்கும் அந்த நாள் வந்துவிட்டதோ என்று ஓடிப்போனேன்.

உள்ளே வாளித் தண்ணீர் அடித்து ஊற்றும் சத்தம் கேட்டது. பூரணமக்கா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு விறாந்தையைத் தேங்காய்ப் பொச்சு மட்டையால் உரஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டைக் கூட்டித் துடைக்க வந்துபோகிறவர் அவர்.

"என்னக்கா இது?"

"நேற்று வரேல்லையெல்லோ ரீச்சர். அதுதான் இண்டைக்கு எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்து முடிப்பம் எண்டு."

"மழை வரப்போகுது!"

அவர் எட்டி வானத்தைப் பார்த்தார். "வராது."

வந்தது. மேசையை நாங்கள் இரண்டு பேரும் தூக்கி விறாந்தைப் படியில் வைக்குமுன்னே கொட்டத் தொடங்கிவிட்டது. தலையணைகள் நனைந்தன. பிள்ளையார் படத்துக்குள் தண்ணீர் போய்ப் பிள்ளையாருடைய நிறம் காலடிக்கு இறங்கியது. உரஞ்சிக் கழுவிய நிலம் முழுக்கச் சேற்றுக் கால்கள், அவருடையவையும் என்னுடையவையும்.

ஈரக் கதிரைகளில் ஆளுக்கொன்றில் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருப்பதில்லை. நானும் சிரிக்கும் நிலையில் இல்லை. "நேற்று ஏன் வரவில்லை?" என்ற கேள்விதான் என் வாய்வரை வந்து நின்றது.

மச்சாளின் நிலம்

சென்ற வாரம் பனங்காயில் உடுப்புத் தோய்த்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த சிநேகிதி ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, "உடுப்புச் சரி, அந்தப் பெரிய வீட்டை ஆர் கூட்டினது? நீயோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வாரக் கதைக்குக் காரணம்.

அந்த வீடு எங்களுடையதல்ல. என் கணவரின் அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த கல்வீடு. எண்பத்துமூன்றுக் கலவரத்தின் பிறகு மச்சாள் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டா. வெறும் வீடாகக் கிடந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள் என்று எங்களை அங்கே குடியிருத்தினார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கு ஓர் அறையும் குசினியும் போதும். ஆனால் கூட்ட வேண்டியிருந்தது முழு வீட்டையும்.

மச்சாளுக்குத் தன்னுடைய சிவப்புச் சீமெந்து நிலத்தில் உயிர். யார் யாருடைய கையிலோ மாறி, மாதக் கணக்கில் பிந்தி அவவுடைய கடிதம் வந்து சேரும். சுகம் விசாரித்து, சண்டையைப் பற்றிக் கவலைப்பட்டு, கடைசியில் எழுதியிருப்பா: "நிலத்தை மினுக்கிப் பொலிஸ் போடுறனீங்களோ?"

சவர்க்காரம் ஒரு கட்டி கண்ணால் காணக் கிடைக்காத காலம். மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்கு எரித்தோம். அந்தப் புகை கூரைவரை கறுப்பாகப் படிந்தது. ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கருக்கு அடுக்கிய மண்மூடைகள் பொத்துக்கொண்டு விறாந்தையெல்லாம் மண். இதில் பொலிஸுக்கு எங்கே போவது? பால் பிழிந்த தேங்காய்ப்பூவைத் துணியில் பொட்டலமாகக் கட்டி நிலத்தில் தேய்த்தோம். மினுமினுப்பு வந்தது. பின்னாலேயே எறும்பும் வந்தது.

நான் ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்குப் போய், வந்து சமைத்து, கிணற்றில் தண்ணீர் அள்ளி, இந்த நிலத்தையும் பார்க்க எனக்கு ஏலாது போயிற்று.

வேலைக்கு அல்ல, ஒத்தாசைக்கு

வடக்கே இராணுவம் இருந்த ஆமிக் காம்பைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து எழும்பி வந்த சனம் புத்தூரிலும் நிறையப் பேர் இருந்தார்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்த தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்த குடும்பங்களில் பூரணமக்காவின் குடும்பமும் ஒன்று. புருஷன் நடராசாவும் அவரும்தான். ஒரே மகளைக் கலியாணம் முடித்து வவுனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவர் முதல் நாள் வந்து படலைக்குள் நின்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"வீட்டு வேலைக்கு ஆள் தேடுறியளாம். நான் வாறன். ஆனால் ரீச்சர், வேலைக்கு எண்டு இல்லை. உங்களுக்கு ஒத்தாசையா வந்து போறன்."

எனக்கு அந்த வித்தியாசம் அன்று விளங்கவில்லை. வேலையோ ஒத்தாசையோ, நிலம் கூட்டுப்பட்டால் போதும் என்றிருந்தது.

முறைப்பாடுகள்

அவரைப் பற்றி எனக்கு முறைப்பாடுகள் பல. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கமாட்டார். வாங்கை யன்னலுக்குக் கீழே போடுவார், நான் சுவரோடு போடுவேன், அடுத்த நாள் அது மீண்டும் யன்னலுக்குக் கீழே நிற்கும். "காத்து வாற இடத்திலைதானே ரீச்சர் ஆக்கள் இருக்கிறது" என்பார், தன் வீட்டுக்கு முடிவு சொல்வதுபோல.

வளவு முழுவதும் கூட்டுவார், படலை வாசலை மட்டும் விட்டுவிடுவார். றோட்டைப் பார்த்த அந்தத் துண்டு நிலத்தில் வேப்பஞ் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். வருகிறவர்கள் முதலில் காண்பது அதைத்தான். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "ஓம் ரீச்சர்" என்பார், செய்யமாட்டார். கடைசியில் நானே கருக்கலில் எழும்பிக் கூட்டினேன்.

ஹெலிச் சத்தம் கேட்டால் தும்புத்தடியும் கையுமாகப் பங்கருக்குள் ஓடிவருவார். அந்தச் சின்னக் குழிக்குள் நாங்கள் மூன்று பேர், நடுவில் நீட்டுத் தடி. ஒருநாள் அது என் கணவருடைய மூக்குக் கண்ணாடியைத் தட்டி விழுத்திவிட்டது.

"அதை வெளியாலை போட்டிட்டு வரப்படாதோ?" என்றார் இவர்.

"கையிலை ஏதும் இருந்தால்தான் தம்பி பயம் தெரியாது."

அவருக்கும் என்னைப் பற்றி முறைப்பாடுகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. அவர் கூட்டிய அறையை அவர் அடுத்த அறைக்குப் போனதும் நான் ஒருமுறை கூட்டுவேன். சண்டிலிப்பாயில் எங்கள் அம்மா அப்படித்தான். வெங்காயம் காயப் போட வந்து நிற்கும் பெண்கள் போகும்போது முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் படலை தாண்டுமுன்னே அம்மா விளக்குமாற்றோடு இறங்கிவிடுவா. "பிறத்தியார் கூட்டினது கூட்டினதோ?" என்பா. எனக்கு அம்மாவின் முகம் வரவில்லை, அந்தப் பழக்கம் மட்டும் வந்திருந்தது.

ஒருநாள் அலுமாரிக்குக் கீழே தூசி இருக்கிறது என்று சொன்னேன். பிறகு யன்னல் கம்பியைச் சொன்னேன். பிறகு திரும்பவும் அலுமாரியைச் சொன்னேன். பூரணமக்கா துணியை வாளிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ரீச்சர், நான் மூண்டாம் வகுப்புப் பிள்ளையில்லை. ஒருக்காச் சொன்னால் எனக்கு விளங்கும்."

குசினிக்குள் இருந்த இவர் அதைக் கேட்டு இருமுவதுபோலச் சிரித்தது எனக்குக் கேட்டது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் நாட்கள்தான். மாதத்தில் சில தடவை, முன்னறிவித்தல் இல்லாமல் வரமாட்டார். காய்ச்சலா என்றால் இல்லை. மறுநாள் வந்து இரட்டிப்பாக வேலை செய்வார். ஏன் வரவில்லை என்று கேட்டால், "கொஞ்சம் வேலை இருந்தது" என்பதோடு கதை முடிந்துவிடும்.

திவசத்தன்று

தொண்ணூற்றைந்தாம் வருடத் தொடக்கத்தில் சண்டை கொஞ்சக் காலம் ஓய்ந்திருந்தது. ஷெல் சத்தம் இல்லாமல் காகங்களின் சத்தம் தெளிவாகக் கேட்ட நாட்கள் அவை. அப்போதுதான் என் மாமனாரின் திவசம் வந்தது. வீடு முழுக்கக் கழுவ வேண்டும், ஐயர் வருவார், சொந்தக்காரர் வருவார்கள். "விடியவே வந்திடுறன் ரீச்சர், நீங்கள் சமையலைப் பாருங்கோ" என்று பூரணமக்கா சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தது. வெயிலும் ஏறியது. அவர் வரவில்லை.

குளித்த ஈரத் தலையோடு நானே வீட்டைக் கழுவினேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தது. ஐயர் வந்தபோது விறாந்தை காயவில்லை, பெரியமாமி வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டா. "வேலைக்கு ஆள் வைச்சிருக்கிறாய் எண்டாங்கள்?" என்றா. அந்த நாள் முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்னங்காணிக்குப் போனேன். இனி வரவேண்டாம் என்று சொல்வதற்குத்தான். வழியெல்லாம் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கொட்டில் வாசலில் நடராசாண்ணை இருந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"அவ இல்லை ரீச்சர். வீட்டை போயிட்டா."

"எந்த வீட்டை?"

"எங்கடை வீட்டைதான்." அவர் கயிற்றைக் கீழே போட்டார். "நேற்றும் போனவ. கட்டியிருந்த ஓலை காத்துக்கு விழுந்திட்டுதாம், உள்ளுக்கை குப்பையாம். இண்டைக்கும் வெளிக்கிட்டிட்டா. நான் சொன்னால் கேக்கிறாவோ? கால் வைக்கிற இடமெல்லாம் கண்ணிவெடியாக் கிடக்கு. அந்த வீட்டைக் கூட்டி ஆருக்கு என்ன? நீங்கள் படிச்சனீங்கள், நீங்களாவது சொல்லுங்கோ."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நான் தயார்பண்ணி வைத்திருந்த வசனம் மறந்துபோனது. ஆமிக் காம்பின் எல்லையில், ஒருவரும் குடியில்லாத ஊரில், தன்னுடைய வெறும் வீட்டைக் கூட்டுவதற்குப் பூரணமக்கா போய் வந்துகொண்டிருக்கிறார். சண்டை நடந்த நாட்களிலும் போயிருக்கிறார்.

நான் காத்திருந்தேன். பொழுது சாயும் நேரம் அவர் ஒழுங்கையால் வந்தார். காலெல்லாம் செம்மண், கையில் உரப்பை. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"திவசத்துக்கு வராதது பிழைதான் ரீச்சர்."

"அக்கா, உங்களுக்கு விசரே? உயிரல்லோ போயிடும்!"

"நாள் முழுக்க உங்கடை வீட்டைக் கூட்டுறன். வந்து படுத்தால் என்ரை வீடு குப்பையாக் கிடக்கிறதுதான் கண்ணுக்கை நிக்குது. நித்திரை வருகுதில்லை." அவர் உரப்பையை நிலத்தில் வைத்தார். "நீங்கள் என்னை நிப்பாட்ட வந்திருக்கிறியள், தெரியும். ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு வேண்டாம் எண்டால் வேண்டாம்."

அந்த வீடு

இவருக்கு நான் போவதில் விருப்பமில்லை. "நீர் என்ன, அவ கூட்டினது சரியோ எண்டு பாக்க ஆய்வுக்கோ போறீர்?" என்று சத்தம் போட்டார். சண்டை நின்றிருக்கிறது, சனம் பகலில் போய்த் தேங்காய் ஆய்ந்து வருகிறது என்று சமாதானம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை நான் சைக்கிளில் பூரணமக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அச்சுவேலி தாண்டி வடக்கே போகப் போக வீதியில் புல் முளைத்திருந்தது. சைக்கிளை ஒரு வாய்க்கால் மதவடியில் விட்டோம். அதற்குப் பிறகு ஒழுங்கை. இரண்டு பக்கமும் வீடுகள், கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை, கூரைக்கு மேலால் இப்பில் மரங்கள் எட்டிப் பார்த்தன. ஒரு நாய்கூட இல்லை.

"என்ரை அடியிலை அடி வைச்சு வாங்கோ, ரீச்சர். அங்காலை இஞ்சாலை பாக்காதேங்கோ."

வகுப்பில் முப்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் இருத்துகிற நான், அவருடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல நடந்தேன். சேலை முதுகோடு ஒட்டிப்போனது.

அவர் நின்ற இடத்தில் நானும் நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த ஒழுங்கை முழுக்க நாயுருவியும் தொட்டாற்சிணுங்கியும் காடாகக் கிடக்க, ஒரு படலை வாசல் மட்டும் கோடு கோடாகக் கூட்டிக் கிடந்தது. உள்ளே முற்றமும் அப்படித்தான். வீட்டின் ஒரு பக்கத்து ஓடுகள் போய்விட்டன. குசினிச் சுவரில் ஷெல் விழுந்த ஓட்டைக்குக் கிடுகு கட்டியிருந்தது. ஆனால் நிலத்தில் ஒரு சருகு இல்லை.

பூரணமக்கா கூரை வளையில் செருகியிருந்த விளக்குமாற்றை எடுத்தார். காற்றுக்கு வந்த இரண்டு மூன்று இலைகளைத் தள்ளினார். பிறகு அதை வைத்துவிட்டு எனக்கு வீட்டைக் காட்டினார். "இது மகளின்ரை அறை. இதிலைதான் மாப்பிளை பகுதி வந்து இருந்தவை. இது புகையிலை கட்டி வைக்கிற அறை, மணம் இன்னும் போகேல்லை, மணந்து பாருங்கோ." மணந்தேன். மெய்தான்.

அறைகளைப் பார்த்து முடிந்ததும் நான் சும்மா நிற்க மனமில்லாமல் விளக்குமாற்றை எடுத்தேன். இன்னும் கொஞ்சச் சருகு விழுந்திருந்தது.

"வையுங்கோ அதை!" என்றார். அந்தக் குரலை நான் எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. "என்ரை வீட்டுக்கு வந்திருக்கிறியள். கதிரையிலை இருங்கோ."

இருந்தது ஒரேயொரு கதிரை. கால் உடைந்த இடத்துக்குக் கல் அண்டை கொடுத்திருந்தது. நான் இருந்தேன். அவர் கொக்கைத் தடியால் இரண்டு இளநீர் பறித்து, உரப்பையிலிருந்த கத்தியால் சீவி, ஒன்றை எனக்குத் தந்தார். மற்றதை வாசற்படியில் இருந்து தான் குடித்தார். மகளின் கலியாணத்துக்குப் பந்தல் போட்ட கதை சொன்னார், நடராசாண்ணை புகையிலை விற்ற காசில் முதலில் வாங்கியது அந்தக் கதிரைதான் என்று சொன்னார். தூரத்தில் எங்கோ ஒரு வாகனம் உறுமியது. அவர் கதையை நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது சைக்கிளின் பின்னால் இருந்து தானாகவே சொன்னார்: "உங்கடை படலையடியைக் கூட்டாததும் உங்களுக்குக் கோவம். றோட்டாலை எங்கடை ஊர்ச்சனம் போய் வாறது ரீச்சர். பூரணம் ஆற்றையோ வாசலைக் கூட்டுறாள் எண்டு போய்ச் சொல்லுவினம்."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"எப்பிடிச் சொல்லுறது?"

திங்கட்கிழமை

வரவேண்டாம் என்று நான் சொல்வதாக இல்லை. போகவேண்டிய நாட்களை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும், படலை வாசலை நானே பார்த்துக்கொள்கிறேன், அவர் கூட்டியதைத் திரும்பக் கூட்டமாட்டேன் என்றெல்லாம் எனக்குள் தீர்மானித்து வைத்திருந்தேன். ஞாயிறு முழுக்க மனம் இலேசாக இருந்தது.

திங்கள் காலை அவர் வந்தார். தும்புத்தடியை எடுக்கவில்லை. குசினி வாசலில் நின்றார்.

"ரீச்சர், நான் இனி வரேல்லை."

"என்னக்கா? கோவமோ?"

"கோவமில்லை. நீங்கள் என்ரை வீட்டைப் பாத்திட்டியள். என்ரை கதிரையிலை இருந்து இளநீர் குடிச்சியள். இனி நான் இந்த வீட்டிலை குனிஞ்சு நிண்டு கூட்டேக்கை நீங்கள் பாத்துக்கொண்டு நிப்பியள். எனக்கு அது ஏலாது."

"நான் பாக்கமாட்டன்."

அவர் சிரித்தார். "நீங்களோ? பாக்காமலோ?"

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"வெங்காயத் தோட்டத்துக்குப் போறன். அங்கை எங்கடை ஊராக்கள் பத்துப் பேர் நிக்கினம். நானும் ஒராளா நிண்டிடுவன்."

அது இங்கே கூட்டுவதைவிடக் கடினமான வேலை. வெயிலில் நாள் முழுக்க முதுகு வளைக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டேன். எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அவருக்காக. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அந்தப் பெரிய வீட்டு நிலத்துக்காகவும்.

சண்டை மறுபடி தொடங்கியதையும், ஐப்பசி மழைக்குள் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததையும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்த நெரிசலில் நான் பூரணமக்காவைக் காணவில்லை. அவரும் நடராசாண்ணையும் வன்னிக்குப் போய், பிறகு மகளோடு சேர்ந்துவிட்டார்கள் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். இருவரும் உயிரோடு தப்பியது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னம், சித்திரை வருடப் பிறப்புக்குக் கிட்டவாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ படலையைத் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பூரணமக்கா. நான் ஒருநாளும் கண்டிராத ஊதாக் கரைச் சேலை, தலையில் பூ. கையில் ஒரு பிடி வெங்காயம், தாளோடு. செருப்பை விறாந்தைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இருங்கோ அக்கா."

இருந்தார். கதிரையில், முதுகு சாய்த்து.

நான் பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தேன். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்றார். வெங்காயம் இம்முறை நல்ல விளைச்சல் என்றார். கதையோடு கதையாக அவருடைய கண் ஒருதரம் மேலே, முகட்டுக்குப் போனது. அங்கே ஒட்டறை தொங்கியது. கண் கீழே இறங்கியது. நிலம் மங்கிப்போய், மூலையில் மண் திரண்டு கிடந்தது. கையிலிருந்த கோப்பை ஒரு கணம் அசையாமல் நின்றது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "பாக்காதேங்கோ அக்கா. வீடு கூட்டவே நேரமில்லை, குப்பையாக் கிடக்கு."

"ஒருத்தர் வீட்டுக்கு வந்த இடத்திலை ஆரும் நிலத்தைப் பாப்பினமோ, ரீச்சர்?" என்றார் பூரணமக்கா. பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினார். "நல்ல தேத்தண்ணி. இன்னும் கொஞ்சம் கிடக்கோ?"

கிடந்தது. நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.